ஒரே தாள், இரண்டு மடிப்பு: மொரிசியஸ் தமிழ் வகுப்பில் நான் கற்பிக்கும் முறை

மொரிசியஸில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன் என்று சொன்னதும், தமிழ்நாட்டிலிருந்து வரும் விருந்தினர்கள் முதலில் கேட்பது, "பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்களா?" என்பதுதான். பேசுவதில்லை. வீட்டில் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்நாட்டுப் பேச்சுமொழி), தொலைக்காட்சியில் பிரெஞ்சு, பாடநூலில் ஆங்கிலம். இவை மூன்றுக்கும் பிறகுதான் தமிழ். இதைக் கேட்டதும், "அப்படியானால் எல்லாரும் ஒன்றுமே தெரியாமல்தான் வருவார்கள், எல்லாருக்கும் ஒரேமாதிரி சொல்லிக்கொடுத்துவிடலாம்" என்கிறார்கள். இந்த முடிவை நான் ஏற்பதே இல்லை. வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகளுக்குள் இருக்கும் வேறுபாடு, பேசுகிற பிள்ளைகளுக்குள் இருப்பதைவிடப் பெரியது. தமிழ் மட்டுமல்ல, வீட்டில் புழங்காத எந்த மொழியைக் கற்பிப்பவருக்கும் இது பொருந்தும் என்று நம்புகிறேன்.

முதலில் எங்கள் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தமிழ் விருப்பப் பாடம். மொழிப் பாடவேளை வந்ததும் வகுப்பு பிரியும். இந்தி எடுத்தவர்கள் ஓர் அறைக்கு, உருது எடுத்தவர்கள் இன்னோர் அறைக்கு, 2012 முதல் கிரியோல் எடுத்தவர்கள் வேறோர் அறைக்கு என்று புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். தமிழ் அறைக்கு வருகிற குழு பெரும்பாலும் சிறியது. அதனால் சில ஆண்டுகளில் இரண்டு வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக வைத்துக் கற்பிக்க நேரிடும்.

பிளேன் வில்ஹெம்ஸ் மாவட்டத்தில் அப்படி அமைந்த ஒரு குழுவை நினைவிலிருந்து சொல்கிறேன். ஒரு பையன் கோயிலில் தேவாரம் பாடுகிறவன், நல்ல குரல். இன்னொருவனின் தந்தை காத்ர் போர்ன் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருக்கிறார். ஒரு சிறுமியின் பெற்றோர் எபேனில் உள்ள கணினி நிறுவனத்தில் வேலை கிடைத்துச் சென்னையிலிருந்து வந்தவர்கள். குடும்பப் பெயரைத் தவிரத் தமிழோடு வேறு தொடர்பே இல்லாத இரண்டு மூன்று பேர். பாட்டியின் சமையலறையிலிருந்து சில சொற்களைக் கொண்டுவந்தவர்கள் சிலர். எந்த மொழியானாலும் எழுத்தைக் கண்டாலே வியர்த்துப்போகும் ஒரு பையன். இவர்கள் எல்லாருக்கும் ஒரே பாடநூல், ஒரே பாடவேளை.

இதில் ஆசிரியர் செய்ய வேண்டிய முதல் வேலை, யாருக்கு என்ன தெரியும் என்று அறிவது. ஆண்டின் தொடக்கத்தில் வைக்கும் எழுத்துத் தேர்வு இதற்குப் போதாது. தேவாரம் பாடும் பையன் பாடநூலின் முதல் பத்தியைத் தடங்கலின்றி வாசித்தான். கேட்டவர்கள் நன்றாக வாசிக்கிறான் என்று மகிழ்ந்தார்கள். எனக்கு அவன் கண்கள் தாளில் ஓடாததுதான் உறுத்தியது. அதே பத்தியின் நடுவில் ஒரு சொல்லைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டேன். அவன் மனத்துக்குள் முதல் வரியிலிருந்து தொடங்கி, உதடுகளை அசைத்துக்கொண்டே அந்தச் சொல்லுக்கு வந்து சேர்ந்தான். இங்கே கோயில்களில் பிள்ளைகள் பலர் தேவாரத்தை ரோமன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். கேட்டதை அப்படியே பிடித்துக்கொள்ளும் ஆற்றல் அவர்களிடம் மிகுதி. வாசிப்பைச் சோதிக்க நான் கையாளும் வழிகள் மூன்று. பத்தியைக் கடைசி வரியிலிருந்து வாசிக்கச் சொல்வேன். சொற்களை வெட்டிக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்வேன். இதுவரை பார்த்தே இராத, ஆனால் தெரிந்த எழுத்துகளால் ஆன ஒரு சொல்லைக் கொடுப்பேன். மூன்றாவதுதான் உண்மையைச் சொல்லும். அவனுடைய செவித்திறனை நான் குறையாகப் பார்க்கவில்லை. அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த பதிகத்தையே தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதிக் கொடுத்து, பாடிக்கொண்டே விரலால் எழுத்தைத் தொடச் சொன்னேன். ஒலி ஏற்கெனவே அவனிடம் இருந்தது. எழுத்து வந்து அதில் ஒட்டிக்கொண்டது.

மற்றொன்று, காத்திருப்பது. 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக ஒரு வினாடி அளவே காத்திருப்பதைக் கண்டார். அதை மூன்று வினாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன. வாய் திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு மூன்று வினாடியும் போதாது. தமிழில் கேட்டதைக் கிரியோலில் புரிந்துகொண்டு, கிரியோலில் பதிலை யோசித்து, பிறகு அதற்குத் தமிழ்ச் சொல் தேட வேண்டும். நான் மனத்துக்குள் ஐந்து வரை மெதுவாக எண்ணுகிறேன். கை தூக்கிய பிள்ளை தவிப்பான், தவிக்கட்டும். சந்தைக் கடைக்காரர் மகனின் முதல் தமிழ் வாக்கியம் எனக்குக் கிடைத்தது அப்படிப்பட்ட ஒரு மௌனத்துக்குப் பிறகுதான்.

இனி நான் வலியுறுத்த விரும்பும் செய்தி. பிள்ளைகளின் தேவை வேறுபடும்போது பல பள்ளிகளில் நடப்பது இதுதான்: வேகமான பிள்ளைக்கு முழுப் பாடம், மெதுவான பிள்ளைக்குப் பாதிப் பாடம். மெதுவானவன் படத்துக்கு வண்ணம் தீட்டுவான். மற்றவர்கள் வாக்கியம் எழுதுவார்கள். இது அன்பால் செய்யப்படுவதுதான், ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பெருந்தீங்கு. வண்ணம் தீட்டியவன் ஆண்டு முடிவில் வண்ணம் தீட்டவே கற்றிருப்பான். குறிக்கோளைக் குறைக்கக் கூடாது; துணையைத்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். 1976இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகிய மூவரும், சிறு குழந்தைகள் மரக்கட்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்ட ஒருவர் எப்படி உதவுகிறார் என்பதை ஆராய்ந்து, அந்த உதவிக்குச் சாரம் என்று பெயர் வைத்தார்கள். கட்டடம் எழும்போது கட்டுகிற சாரமேதான். கட்டி முடித்ததும் அதைப் பிரித்துவிட வேண்டும் என்பதை ஆசிரியர்கள் மறந்துவிடக் கூடாது.

நான்காம் வகுப்பில் சந்தை பற்றிய பாடத்தை எப்படி நடத்துகிறேன் என்று விரிவாகச் சொன்னால் இது விளங்கும். எல்லாருக்கும் ஒரே குறிக்கோள்: ஒரு பொருளின் விலையைத் தமிழில் கேட்க வேண்டும், பதிலைப் புரிந்துகொள்ள வேண்டும், அந்த உரையாடலை எழுத வேண்டும். எல்லாருக்கும் ஒரே தாள். தாளின் மேல் பகுதியில் செய்ய வேண்டிய வேலை மட்டும் இருக்கும்: "கடைக்காரரிடம் இரண்டு காய்கள் வாங்குங்கள். பேசியதை எழுதுங்கள்." நடுப் பகுதியில் படங்களும் சொற்களும்: கத்தரிக்காய், பீர்க்கங்காய், முருங்கைக்கீரை, கிலோ, விலை, வேண்டும். கீழ்ப் பகுதியில் முழு வாக்கியச் சட்டம்: "எனக்கு ______ வேண்டும். ஒரு கிலோ என்ன விலை?" இரண்டு இடங்களில் மடிப்புக் கோடு. தாளை வாங்கியதும் எல்லாரும் கீழே உள்ள இரண்டு பகுதிகளையும் பின்பக்கமாக மடித்துவிட வேண்டும். மேல் பகுதியை மட்டும் பார்த்து எழுத முடிந்தால் எழுதலாம். முடியாவிட்டால் ஒரு மடிப்பைத் திறக்கலாம். அதுவும் போதாவிட்டால் இரண்டாவதையும் திறக்கலாம்.

இதில் எனக்குப் பிடித்தது, எவ்வளவு துணை வேண்டும் என்பதைப் பிள்ளையே முடிவு செய்கிறான் என்பதுதான். பக்கத்துப் பிள்ளையிடம் இருப்பதும் அதே தாள் என்பதால் வெட்கம் இல்லை. முடிந்ததும், எந்த மடிப்பைத் திறந்தார்கள் என்று தாளின் மூலையில் 0, 1, 2 என்று எழுதச் சொல்வேன். அந்த எண்ணுக்கு மதிப்பெண் கிடையாது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பொய் எழுதுவார்கள். வாரக் கடைசியில் தாள்களைப் புரட்டினால் யாருக்கு எது தேவை என்பது தானே தெரிந்துவிடும். தொடர்ந்து 2 எழுதுகிற பிள்ளையின் அருகில் அடுத்த வாரம் நான் போய் உட்காருவேன். தொடர்ந்து 0 எழுதுகிறவர்களுக்கு வாய்மொழியாக ஒரு கூடுதல் வேலை சொல்வேன்: கடைக்காரர் விலையைக் குறைக்க மறுக்கிறார், நீ என்ன சொல்வாய்?

விலைக்கு நான் பயன்படுத்தும் கருவி எல்லார் வீட்டிலும் இருக்கிறது. மொரிசியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்களும் அச்சாகியிருக்கின்றன. நூறு ரூபாய் நோட்டில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன். இந்நாட்டின் கல்வி அமைச்சராக இருந்தவர். பிள்ளைகள் தினமும் தொடுகிற காகிதத்தில் தமிழ் இருப்பதைப் பலர் கவனித்ததே இல்லை. எழுத்தைக் கண்டு ஒதுங்கும் பையன்கூட நோட்டை வாங்கி ஆவலோடு உற்றுப் பார்த்தான். கடைக்காரர் மகனோ கிரியோலில் மிச்சக் கணக்கை மின்னல்போலச் சொல்லக்கூடியவன். அவனைக் கடைக்காரராக உட்காரவைத்தேன். இருபத்தைந்து, ஐம்பது, இருநூறு என்று அவன் தமிழில் சொல்லக் கற்றது சில நாட்களில் நடந்தது. அவன் தடுக்கி விழுந்த இடம் தொண்ணூறு. அதில் 'நூறு' கேட்கிறதே, பிறகு ஏன் தொண்ணூறு நூறைவிடக் குறைவு என்று கேட்டான். நல்ல கேள்வி. எண்பது, தொண்ணூறு, நூறு, எண்ணூறு, தொள்ளாயிரம் ஆகியவற்றைச் சட்டைகளில் குத்திக்கொண்டு பிள்ளைகள் வரிசையாக நின்ற பிறகுதான் அது தெளிந்தது.

எழுத்து விஷயத்துக்கு வருகிறேன். இங்குள்ள பிள்ளைகள் தமிழ் எழுத்தைத் தொடும்போதே ரோமன் எழுத்துகளை இடமிருந்து வலமாக ஒலித்துப் பழகிவிட்டவர்கள். 'கெ' என்று எழுதினால் கொம்பு இடப்பக்கம் நிற்கிறது, ஆனால் ஒலியில் ககரம்தான் முன்னால் வருகிறது. 'கொ'வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. அதனால் பல பிள்ளைகள் 'கெ'யை 'எக்' என்பதுபோல வாசிக்கிறார்கள். இது கவனக்குறைவு அல்ல. அவர்கள் கற்ற விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள். நான் மெய்யைக் கறுப்பிலும் குறியைச் சிவப்பிலும் எழுதுகிறேன். விரல் முதலில் கறுப்பில், பிறகு சிவப்பில். எழுதும்போதும் இடப்பக்கம் இடம் விட்டு மெய்யை முதலில் எழுதவைத்து, பிறகு கொம்பைப் போடச் சொல்கிறேன். கையெழுத்து முறையில் இது தவறு என்று மூத்த ஆசிரியர்கள் சிலர் சொல்கிறார்கள். வாசிப்பு ஊன்றும் வரைதான் இந்த முறை. பிறகு வரிசையை மாற்றிக்கொள்வது கடினமாக இல்லை என்பது என் அனுபவம். பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில வாரங்களில் நிறங்களே தேவைப்படுவதில்லை.

எழுத்தைக் கண்டு வியர்க்கும் பையனுக்கு நிறம் மட்டும் போதவில்லை. இப்படியொரு பிள்ளை வந்தால் நான் முதலில் கேட்டறிவது, தடுமாற்றம் தமிழில் மட்டுமா, பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலுமா என்பதை. தமிழில் மட்டும் என்றால் பெரும்பாலும் பழக்கக் குறைவுதான். எல்லா மொழியிலும் என்றால் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். வகுப்பாசிரியருடன் சேர்ந்து தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் பேசி நிபுணரிடம் அனுப்ப வேண்டும். மொழி ஆசிரியர்கள் நாங்கள் தனி அறையில் இருப்பதால் இந்தப் பேச்சு நடக்காமலே போகிறது. தேநீர் இடைவேளையில் வகுப்பாசிரியரைத் தேடிப் போய்க் கேட்டுவிட வேண்டும். அவர்கள் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அவனுக்கு எழுத்துகளுக்கிடையே கூடுதல் இடைவெளி விட்டு அச்சிட்டுக் கொடுத்தேன். வாசிப்புக் குறைபாடுள்ள பிரெஞ்சு, இத்தாலியக் குழந்தைகளிடம் இப்படி இடைவெளி கூட்டியபோது வாசிப்பில் பிழை குறைந்ததாக 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அவனுக்கும் தமிழில் அது உதவியது. மற்றவர்களுக்கும் அதே தாளையே கொடுத்தேன். யாருக்கும் அது இடைஞ்சலாக இல்லை. ஒருவனுக்காகச் செய்யும் மாற்றத்தை எல்லாருக்கும் செய்ய முடியுமானால் அப்படியே செய்துவிடுவது நல்லது. எழுதுவது அவனுக்குத் துன்பமாக இருந்த நாட்களில் எழுத்து அட்டைகளை அடுக்கி வாக்கியம் அமைத்தான். சொல்லவேண்டியதை வாயால் சொன்னான். ஆனால் வாக்கியத்தைச் சுருக்க நான் விடவில்லை. தேர்வில் கூடுதல் நேரம் போன்றவற்றுக்கு ஆண்டுத் தொடக்கத்திலேயே பேசிவிட வேண்டும். ஆறாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போது ஓடினால் பயன் இல்லை.

சென்னையிலிருந்து வந்த சிறுமியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்றாகத் தெரிந்த பிள்ளைகளைத்தான் நாம் எளிதாகக் கைவிடுகிறோம். அவளை எல்லாருக்கும் உதவச் சொல்லி உட்காரவைப்பது எளிது. எப்போதாவது செய்யலாம், நாள்தோறும் செய்தால் அவள் எதையும் கற்காமல் என் உதவியாளராகவே ஆண்டைக் கழித்துவிடுவாள். அவளுக்கும் குறிக்கோள் வேண்டும். அவள் பேசும் தமிழ் சரளமானது. எழுதும்போதும் பேசுவதுபோலவே எழுதினாள். எழுத்துநடைக்கு மாற்றி எழுதுவது அவள் வேலையாயிற்று. பிறகு தைப்பூசக் காவடி பற்றி வகுப்புச் சுவருக்கு ஒரு கட்டுரை கேட்டேன். காவடி இங்கே பொது விடுமுறை நாள். பத்து நாள் விரதமும் ஊர்வலமும் வாழையிலையில் பரிமாறும் ஏழு கறியும் அவளுக்குப் புதியவை. கேள்விகளைத் தமிழில் எழுதிக்கொண்டு, காவடி எடுத்த வகுப்புத் தோழர்களிடமே போய்க் கேட்டாள். அவர்கள் கிரியோலும் தமிழும் கலந்து சொன்னதை அவள் எழுதினாள். அன்றைக்கு விஷயம் தெரிந்தவர்கள் அவர்கள். எழுதத் தெரிந்தவள் அவள். வகுப்பில் எப்போதும் ஒரே பிள்ளை மேலே இருக்காதபடி பார்த்துக்கொள்ள இப்படிப்பட்ட பாடங்களை நான் தேடிப் பிடிக்கிறேன்.

வகுப்பில் கிரியோல் பேசலாமா என்று கேட்பார்கள். பேசலாம் என்பது என் உறுதியான கருத்து. என்ன செய்ய வேண்டும் என்பதே புரியாத பிள்ளைக்கு அதைத் தமிழில் நான்கு முறை திருப்பிச் சொல்வதைவிட, பக்கத்துப் பிள்ளை கிரியோலில் ஒருமுறை சொல்வது மேல். செய்கிற வேலை தமிழில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் 'ரசோன்' குடித்து, 'முரும்' கீரை சாப்பிடும் பிள்ளைகளின் கிரியோலிலேயே ரசமும் முருங்கையும் இருக்கின்றன. தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு முதல் சொற்பட்டியலை நான் அங்கிருந்துதான் எடுக்கிறேன்.

பயிற்சிகளில் அடிக்கடி கேட்கிற ஒன்றை நான் வகுப்பில் பின்பற்றுவதில்லை. சிலர் கண்ணால் கற்பவர்கள், சிலர் காதால், சிலர் கையால். படிவம் கொடுத்து வகைப்படுத்தி அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்பார்கள். 2008இல் ஹரால்ட் பாஷ்லரும் அவருடன் மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, இப்படிப் பொருத்திக் கற்பிப்பதால் கற்றல் கூடுகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். தேவாரப் பையனைக் காதால் கற்பவன் என்று முத்திரை குத்தியிருந்தால் அவன் இன்றும் வாசிக்காமல் பாடிக்கொண்டிருப்பான். எல்லாருக்கும் பார்க்கவும் கேட்கவும் தொடவும் கொடுக்கிறேன். பிள்ளைகளைப் பிரிப்பது இந்தப் பாடத்தில் அவர்களுக்கு இப்போது என்ன தெரியும் என்பதை வைத்து மட்டுமே. அந்தப் பிரிவும் அடுத்த பாடத்தில் கலைந்துவிடும். எழுத்தில் பின்தங்கியவன் எண்ணில் முன்னால் நிற்பான். குழுக்களுக்குப் பூப்பெயர் வைத்தாலும், எந்தப் பூ மெதுவான பூ என்று பிள்ளைகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். குழு நிலைத்திருக்கக் கூடாது என்பதற்கு அதுவே போதிய காரணம்.

இரண்டு வகுப்புகள் ஒரே அறையில் இருக்கும் ஆண்டில் திட்டமிடுவதுதான் கடினம். பாடவேளையின் தொடக்கத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சிறு கதை அல்லது உரையாடல். பிறகு ஒரு வகுப்பு எழுத, மற்றதுடன் நான் பேசுவேன், பாதியில் மாற்றிக்கொள்வோம். கடைசி ஐந்து நிமிடம் ஆளுக்கொரு துண்டுத் தாளில் ஒரே ஒரு வாக்கியம். அதைத் திருத்துவதில்லை; புரிந்தது, பாதி புரிந்தது, புரியவில்லை என்று மூன்று அடுக்காக மேசையில் பிரித்துப் பார்ப்பேன். நாளைய பாடம் அதிலிருந்து வரும். இளம் ஆசிரியர்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பயிற்சித் தாள் செய்து, இரண்டு மாதத்தில் களைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். அது வேண்டாம். வாரத்தில் ஒரு பாடத்துக்கு மட்டும் மடிப்புத் தாள் செய்யுங்கள். மீதி நாட்களில் துண்டுத் தாளே போதும். அடுத்த ஆண்டுக்குள் ஒரு கட்டுத் தாள் சேர்ந்துவிடும்.

ஐந்தாம் வகுப்பின் கடைசிப் பருவத்தில் தாளின் கீழ்ப் பகுதியை அச்சிடுவதையே நிறுத்திவிடுகிறேன். ஆறாம் வகுப்பின் நடுவில் நடுப் பகுதியும் போய்விடும், ஏனென்றால் 2017இல் பழைய தேர்வுக்குப் பதிலாக வந்த தொடக்கப் பள்ளிச் சாதனைச் சான்றிதழ்த் தேர்வில் பிள்ளையின் முன்னால் வினாத்தாள் மட்டுமே இருக்கும். துணை குறைகிறது என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சிலர் தாங்களே ஒரு சொற்பட்டியலை எழுதிப் பையில் வைத்துக்கொள்கிறார்கள்; அதை நான் தடுப்பதில்லை.

வீட்டுப்பாடம் பற்றிப் பெற்றோர் கேட்பதெல்லாம், "எங்களுக்கே தமிழ் தெரியாதே மிஸ், எப்படிச் சொல்லிக்கொடுப்பது?" என்பதுதான். சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்கிறேன். பிள்ளை அன்று கற்ற மூன்று வரிகளை உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். கிரியோலில் அதன் பொருளைச் சொல்லட்டும். கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பொருள் சொல்ல முடியாமல் போன வரிக்கு அருகில் ஒரு புள்ளி வையுங்கள். மறுநாள் காலையில் குறிப்பேட்டைத் திறந்ததும் நான் முதலில் தேடுவது அந்தப் புள்ளியைத்தான்.